அரசு போனது, ஏடு நின்றது



"பரிசளிப்பு விழா மலரில் வாத்தியார் செர்மனி ராஜாக்களைப் பத்தி எதுக்கு எழுதுறாரு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் மலேசியாவில் ஒன்பது மாநில மன்னர்கள் கூடித் தங்களுள் ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமது பேராக் சுல்தான் அஸ்லான் ஷா அவர்களும் 1989 முதல் 1994 வரை மாமன்னராக வீற்றிருந்தார். செர்மனியிலும் முன்னாளில் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கான ஆட்சிகள் இருந்தன. 1356ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுவர் கூடிப் பேரரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நால்வர் அரசகுலத்தார். மற்ற மூவர் மைன்ஸ், டிரியர், கொலோன் நகரங்களின் பேராயர்கள். கோயில் பொறுப்பும் அவர்களுக்கே, நாடாளும் பொறுப்பும் அவர்களுக்கே!

அந்த எழுவருள் ஒருவர் பிராண்டன்பர்க் மன்னர். அவருடைய நாட்டில் 1726இல் பிறந்தவர் கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்னும் குருவானவர். கப்பல் ஏறுமுன்னே ஹாலே நகரில் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது தரங்கம்பாடி டேனிஷ் மன்னருக்குச் சொந்தம். அந்த மன்னர் குலமும் ஓல்டன்பர்க் என்ற செர்மானியப் பிரபு வம்சமே.

பிற்காலத்தில் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் தங்கினார். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜிக்கு வாரிசு இல்லை. 1787இல் சரபோஜி என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். அதே ஆண்டில் மன்னர் காலமானார். தம்பி அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜியோ அடைபட்டுக் கிடந்தான். படிப்பும் இல்லை, வெளி உலகமும் இல்லை.

பெற்றோர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். இளவரசன் வீட்டிலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை, துணிக்குப் பஞ்சமில்லை. படிப்புதான் மறுக்கப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயர் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டான். கெரிக்கே என்ற மற்றொரு செர்மானியக் குருவானவர் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1798 பிப்ரவரியில் ஐயர் கண்மூடினார். அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார். தம் பிள்ளை முடி சூடியதைப் பார்க்க ஐயருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மன்னர் தம் இந்து சமயத்தை விடவில்லை. ஆனாலும் ஆசானை மறக்காமல் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்தார். அது இன்றும் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது.

ஆனால் 1799 ஒப்பந்தத்தால் நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆளும் அதிகாரம் போன மன்னர் என்ன செய்தார்? படித்தார். சரசுவதி மகாலில் ஓலைச் சுவடிகளையும் ஐரோப்பிய மொழி நூல்களையும் சேர்த்துக் குவித்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார்.

1855இல் தஞ்சை அரச வம்சத்தின் உரிமையும் முடிந்தது. 1918இல் செர்மனி மன்னர்கள் அத்தனை பேரும் முடி இழந்தார்கள். அதே 1918இல்தான் சரசுவதி மகால் பொதுமக்கள் நூலகமாயிற்று. முடிகள் உருண்டன, ஏடுகள் நின்றன! ஹாலே நகரிலும் தமிழ் ஓலைச் சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன.

தோட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே! பேராக்கில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்துவிட்டன. பால் மரம் நம்ம பேரில் இல்லை. வீடும் நம்ம பேரில் இல்லை. பிள்ளை படித்த படிப்பு மட்டும் அவன் பேரிலேயே இருக்கும். அதை எந்த முதலாளியும் விற்க முடியாது. "தங்கச்சியைப் பார்த்துக்க, இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேணாம்" என்று சொல்ல வாய் வரும்போது, தஞ்சையில் அடைபட்டுக் கிடந்த அந்தச் சிறுவனை நினையுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் அதே வாழ்த்து. நாளைக் காலையில் மணி அடிக்கும்போது எல்லாரும் வந்துவிடுங்கள்!