ஒரே விரிகுடாவுக்குப் பதினைந்து காவலர்கள்

அமெரிக்காவில் 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம் முதலில் ஆலைக் கழிவையும் சாக்கடைக் கழிவையுமே குறிவைத்தது. தெருவில் ஓடும் மழைநீர் பெரும்பாலும் கவனத்திலிருந்து தப்பியது. 1987-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே பெரிய நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கும் உரிமம் கட்டாயமானது.

கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் ஓடைகள் ஊர் எல்லை பார்ப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஊர்களைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில் கலக்கின்றன. எனவே 13 நகராட்சிகளும் கவுன்ட்டி நிர்வாகமும் நீர் வாரியமும் 1990-இல் பொது உரிமம் ஒன்றின் கீழ் சேர்ந்தன. விவேகமான முடிவு அது. தனித்தனியே விழிப்புணர்வுத் துண்டறிக்கை அச்சிடும் செலவு குறைந்தது. மக்களுக்கும் ஒரே குரலில் செய்தி போனது.

அந்தச் செய்தி எளியது: மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிக்கப்படாமலே விரிகுடாவைச் சேரும். எஞ்சின் எண்ணெய், பெயின்ட், பூச்சிக்கொல்லி, கார் கழுவிய சோப்பு நீர் எல்லாம் அதில் அடக்கம். வடிகால் வாயருகே எச்சரிக்கை வாசகங்கள் எழுதப்பட்டன.

விழிப்புணர்வால் மட்டும் தீராதவையும் உண்டு. வாகனங்களின் பிரேக் பேடுகள் தேய்ந்து உதிரும் செம்பு மீன்களுக்குக் கேடானது. அதைத் தடுக்கக் கலிபோர்னியா 2010-இல் தனிச்சட்டமே இயற்றியது.

1999-இல் நாட்டின் சிறிய ஊர்களும் மழைநீர் உரிம விதிக்குள் வந்தன. அவற்றுக்கு வகுக்கப்பட்ட 6 கடமைகளில் முதலாவது, பொதுமக்களுக்கான கல்வி. அதை அண்டை ஊர்களுடன் சேர்ந்தே நிறைவேற்றவும் விதி இடம் தந்தது.