இறக்கை நுனியில் ஓர் இறக்கை

விமான இறக்கையின் கீழ்ப்புறத்தில் காற்றழுத்தம் மிகுந்தும் மேற்புறத்தில் குறைந்தும் இருப்பதால் தூக்குவிசை பிறக்கிறது; அதே வேறுபாடு கீழ்க்காற்றை நுனி வழியாக மேலே தள்ளிச் சுழலாக்கி, விமானத்தைப் பின்னிழுக்கும் தூண்டு இழுவிசையையும் தோற்றுவிக்கிறது. நுனியில் செங்குத்துத் தகடு பொருத்தி இதைக் குறைக்கலாம் என்று பிரிட்டானியப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1897இலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் தட்டையான தகடுகள் சீர்வேகப் பறப்பில் தம் உராய்வாலேயே அந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டதால், அக்கருத்து நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி எரிபொருளின் விலையை உயர்த்தியபோது, வர்ஜீனியாவிலுள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் பொறியாளர் ரிச்சர்ட் விட்கம் அக்கருத்தை மீண்டும் கையிலெடுத்தார். மாதிரி இறக்கைகளைத் தம் கையாலேயே அரம் கொண்டு தேய்த்துத் திருத்துவதில் பெயர்பெற்ற அவர், நுனித்தகட்டைத் தடுப்புச் சுவராகக் கருதாமல், வளைவும் சாய்வும் கொண்ட சிறு இறக்கையாகவே வடிவமைத்தார். பக்கக் காற்றைக் கொண்டே பாய்மரக்கலம் முன்னேறுவதுபோல, நுனியில் சாய்ந்து பாயும் காற்றிலிருந்து அது சிறிது முன்னுந்து விசையைப் பெற்றது.

இந்த நுனி இறக்கையின் சோதனைகள் நடந்தது லாங்லியின் 8 அடிக் காற்றுச் சுரங்கத்தில். காற்றைச் செலுத்தி மாதிரிகளின் மீது விழும் விசைகளை அளக்கும் இத்தகைய கூடங்களில், ஒலிவேகத்தை நெருங்கும்போது ஓட்டம் சுவர்களுக்கிடையே அடைபட்டு அளவீடுகள் பொய்த்துவந்தன. 1950 அளவில் லாங்லியில் ஜான் ஸ்டாக்கின் குழுவினர் சுவர்களில் நீளப் பிளவுகள் இட்டு அக்குறையைத் தீர்த்திருந்ததால், விட்கமின் அளவீடுகளை நம்ப முடிந்தது.

1976இல் வெளிவந்த விட்கமின் அறிக்கையில் எண்களைவிட, அவர் மேற்கொண்ட ஒப்பீட்டின் நேர்மையே மிகவும் பாராட்டத்தக்கது. இறக்கையை நீட்டினாலும் இழுவிசை குறையும் என்பதால், இறக்கை விமான உடலோடு சேரும் அடிப்பகுதியில் ஒரே அளவு வளைவுச் சுமையை ஏற்றும் நீட்டிப்பையே அவர் போட்டிக்கு நிறுத்தினார். ஒலிவேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் நுனி இறக்கை தூண்டு இழுவிசையைச் சுமார் 20 விழுக்காடு குறைத்தது. தூக்குவிசைக்கும் இழுவிசைக்குமான விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காடு உயர்ந்தது. நீட்டிப்பால் கிடைத்த ஆதாயம் இதில் பாதிகூட இல்லை.

1979–80இல் கலிபோர்னியாவில் கேசி-135 எரிபொருள் நிரப்பு விமானத்தைப் பறக்கவிட்டுச் செய்த சோதனைகள், சுரங்கம் காட்டிய ஆதாயத்தைப் பெரிதும் உறுதிசெய்தன. ஆனால் அமெரிக்க விமானப்படை அவ்விமானங்களுக்கு நுனி இறக்கைகளைப் பொருத்தவில்லை. புதிய எஞ்சின்களுக்கே பணம் ஒதுக்கியது. அச்சோதனைகளுக்கு முன்பே, 1977இல், லியர்ஜெட் என்னும் சிறு தனியார் விமானம் நுனி இறக்கையுடன் பறந்துவிட்டிருந்தது. பெரும் பயணிகள் விமானங்களில் போயிங் 747-400 அதை ஏற்றது 1988இல்தான்.