அரியலூர் எலும்புகளும் அடையாளச் சிக்கலும்

கேட்பாரற்றுக் கிடைத்த எலும்பு ஒன்றை ஆராயும் தடயவியலார், அது எலும்புதானா, மனிதருடையதா விலங்கினுடையதா, மனிதருடையதாயின் யாருடையது என்ற வரிசையிலேயே விடை தேடுவர். முதற்படியில் நேரும் பிழை விசாரணை முழுவதையும் திசைமாற்றிவிடும் என்பதால்தான் துப்பறியும் புதினங்கள் அந்தப் படியை விரும்பிப் பற்றிக்கொள்கின்றன. மனித எச்சங்களைக் குறித்த அதே கேள்விகள், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்ட எச்சங்களைக் குறித்தும் எழுந்து, சில இன்றுவரை தீராமல் நிற்கின்றன.

இப்பகுதி, ஏறத்தாழ பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட கிரிட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் பெரும்பாலும் கடலுக்கு அடியில் இருந்தது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் மிச்சமே. இந்திய நிலப்பொதியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார்; டைனோசர் எச்சங்களைப் பற்றி சி. ஏ. மேட்லி 1929-இல் எழுதினார்.

யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் 1979-இல் 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்ற பெயரில், முதுகில் எலும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசார் இனத்தைச் சேர்ந்த விலங்கு ஒன்றை அறிவித்தபோது, அவ்வினம் பிற இடங்களில் அழிந்து நெடுங்காலம் ஆனபின்னும் இங்கு வாழ்ந்திருந்தது என்ற வியப்பான முடிவு கிடைத்தது. ஆனால் எலும்புகள் கிடைத்தது கடற்படிவில். ஆகவே 1990-களில் சங்கர் சாட்டர்ஜி முதலியோர், இவை துடுப்புக் கால்கள் கொண்ட பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனத்தின் சிதைந்த எலும்புகளே என்று மறுத்தனர். 2017-இல் கால்டனும் அய்யாசாமியும் பழைய முடிவையே மீண்டும் நிலைநாட்ட முயன்றனர்.

இதைவிடச் சிக்கலானது அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த 'புருகத்காயோசாரஸ் மேட்லியி'. யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் இதனை ஊன் உண்ணும் பேருருவாக விவரித்தனர். சாட்டர்ஜி 1995-இல் தாவரம் உண்ணும் நீள்கழுத்து டைட்டனோசார் வகைக்கு மாற்றினார். வேறு சிலரோ இது எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்று முதற்படிக்கே திரும்பினர். இரண்டு மீட்டர் நீளமுள்ளதாகக் கூறப்பட்ட கணைக்கால் எலும்பு நம்புதற்கரியதாய் இருந்ததும், வெளியான கோட்டோவியங்கள் தெளிவற்றிருந்ததும் ஐயத்தை வளர்த்தன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் 1940-இலேயே எம். எஸ். கிருஷ்ணனால் கண்டறியப்பட்டிருந்த வட்டாரத்தில் அந்த ஐயத்தை வீம்பு என்று ஒதுக்க இயலாது.

ஐயத்தைத் தீர்க்க வேண்டிய மூலமாதிரியோ, அதாவது ஒரு புதிய உயிரினப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் எலும்பு, மறைந்துபோயிற்று. களிமண்ணும் மணலும் கலந்த நொய்ந்த படிவிலிருந்து எடுத்த எலும்புகள், சாந்துக் கட்டுக்குள் வைத்துப் பாதுகாத்தும் உதிர்ந்துவிட்டன. வழக்கு மன்றமாயின் சான்றுப்பொருள் இல்லாத வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். இங்கே 2022-இல், அகழ்வின்போது எடுத்த பழைய ஒளிப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் வெளியிட்டதால் வழக்கு மீண்டும் திறந்தது. அடுத்த ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு இவ்விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றது. திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்க அவ்வெடை, இனி எவரும் அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாத எலும்பின் அளவுகளைச் சார்ந்தது.

பிழையான அடையாளம் ஆய்வாளரோடு நிற்பதில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று ஊரெங்கும் பேசப்பட்டன. நிபுணர்கள் பார்த்தபின், நத்தைபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிரியைச் சுற்றி வண்டல் இறுகி உருவான திரள்கள் என்று தெரிந்தது. அம்முறை, கற்கள் கைவசம் இருந்தன.