ஊர் கொடுத்த ஈற்றடி

"எழுத ஆசைதான், கரு கிடைக்க மாட்டேன் என்கிறது" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. இப்போது எழுத்துப் பட்டறைகளில் ஒரு படமோ ஒரு வரியோ கொடுத்து, இதை வைத்துக் கதை எழுது என்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை. ஒருவர் ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் பாட்டைக் கட்டி முடிப்பார். காளமேகத்தைப் பற்றி அப்படி எத்தனை கதைகள்! நான் பிழைக்க வந்திருக்கும் கேரளத்தில் இதற்குச் சமஸ்யாபூரணம் என்று பெயர்.

திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஈற்றடி கொடுத்தது இந்த ஊரேதான்.

முதலில் ஆ. மாதவன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். படித்தது மலையாளத்தில், எழுதியது தமிழில். கருவைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. சுமை தூக்குகிறவர்களும் சில்லறைத் திருடர்களும் கடை வாசலிலேயே நடமாடினார்கள். 1974இல் 'கடைத்தெருக் கதைகள்' வந்தது. 2015இல் சாகித்திய அகாதெமி விருது. 2021இல் காலமானார்.

அடுத்து நீல. பத்மநாபன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். பத்மநாபசுவாமி கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும் அவருக்கு 'பள்ளிகொண்டபுரம்' நாவலைக் கொடுத்தன (1970). தமிழ் நாவல், ஆனால் நாயகன் அனந்தன் நாயர் என்கிற மலையாளி!

மூன்றாமவர் நகுலன். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். இதே ஊரில் இருந்துகொண்டு, தெருவைவிடத் தன் மனத்துக்குள்ளேயே அதிகம் நடந்தார். 'நினைவுப்பாதை' (1972) அப்படி வந்தது.

ஊர் ஒன்று, எழுத்து மூன்று விதம். அதனால், கரு கிடைக்காததல்ல நம் பிரச்சினை, இருக்கிற இடத்தை உற்றுப் பார்க்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகர் ஆனது. இங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அடுத்த மாதவன் எங்கிருந்து வருவார்?

சும்மா புலம்புவானேன்? எழுத நினைப்பவர்களுக்கு என் பங்காக மூன்று ஈற்றடிகள்:

1. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்து, தான் பத்மநாபதாசன் ஆனார். மறுநாள் காலை அரண்மனைக் கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறக்கிறார். இனி யார் பெயரில் பற்று எழுதுவது? (வங்கிக்காரன் புத்தி, வேறெங்கே போகும்!)

2. 1956 அக்டோபர் 31 இரவு. அண்ணனுக்குச் சாலையில் கடை, தம்பிக்கு நாகர்கோவிலில் வீடு. விடிந்தால் இரண்டு பேரும் வேறு வேறு மாநிலம்.

3. மூடப்போகும் ஒரு பலசரக்குக் கடை. கடன் நோட்டில் வரவாகாத ஒரே ஒரு பெயர்.

மூன்றாவதை இந்த ஊர்ப் பிள்ளை யாராவது மலையாளத்தில் எழுதினாலும் சந்தோஷம்தான். தமிழில் எழுதினால் முதல் வாசகன் நான்.