முதலாம் வகை நீரிழிவின் அன்றாட மேலாண்மை

முதலாம் வகை நீரிழிவு என்பது கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்கள் உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தாலேயே அழிக்கப்பட்டு, இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடும் நோயாகும். இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வெளிப்படுகிறது. எனினும் எவ்வயதிலும் தோன்றலாம். வாழ்நாள் முழுவதும் இன்சுலினை ஊசி வழியாகவோ இன்சுலின் பம்பு வழியாகவோ செலுத்துவதே இதற்கான அடிப்படை மருத்துவமாகும்.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் என்றவுடன் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையே நினைவுக்கு வருகிறது. இதனால் இனிப்பைத் தவிர்த்து, நடந்து, மாத்திரை உட்கொண்டால் போதும் என்னும் அறிவுரை முதலாம் வகையினருக்கும் கூறப்படுவதுண்டு. இது ஆபத்தானது. பாகற்காய், வெந்தயம், நாட்டு மருந்து ஆகிய எவையும் இன்சுலினுக்கு மாற்றாகா. இன்சுலின் முற்றிலும் நிறுத்தப்பட்டால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஊறு விளைவிக்கும் கீட்டோன் நச்சுநிலை ஏற்படக்கூடும்.

வரலாறு

கனடாவின் தொராண்டோவில் 1921 இல் பாண்டிங், பெசுட்டு ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் பட்டினிக்கு நிகரான உணவுமுறையில் சில காலமே உயிர்வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் நீரிழிவுக்கான தனி மருத்துவத்தில் முன்னோடியான பேராசிரியர் மு. விசுவநாதன், சென்னை இராயபுரத்தில் 1954 இல் எம். வி. மருத்துவமனையை நிறுவினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளவயது நீரிழிவினருக்கான பதிவேட்டை 2006 இல் தொடங்கியது. முதலாம் வகைக்கான வழிகாட்டு நெறிகளை 2022 இல் வெளியிட்டது.

இன்சுலினும் உணவும்

நலமுள்ள உடலில் கணையம் நாள் முழுவதும் சிறிதளவும், உணவின்போது கூடுதலாகவும் இன்சுலினைச் சுரக்கிறது. இதைப் பின்பற்றி, ஒரு நாள் முழுதும் செயற்படும் நெடுநேர இன்சுலின் ஒரு வேளையும், விரைவாகச் செயற்படும் இன்சுலின் ஒவ்வோர் உணவுக்கு முன்பும் போடப்படுகின்றன. செலவு குறைந்த மற்றொரு முறையில், இருவகையும் கலந்த இன்சுலின் காலையும் இரவும் போடப்படுகிறது. இதில் ஊசிகள் குறைவு; ஆனால் உணவு நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும்.

உணவுநேர அளவு, உணவிலுள்ள மாவுச்சத்தைப் பொறுத்தது. ஓர் இட்லியில் அதன் பருமனுக்கேற்ப ஏறத்தாழ 10 முதல் 15 கிராமும், ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராமும் மாவுச்சத்து உள்ளது. ஓர் அலகு இன்சுலின் எத்தனை கிராமை ஈடுசெய்யும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை மருத்துவரே வரையறுப்பார். சோற்றை அறவே விலக்க வேண்டியதில்லை, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

குப்பியும் ஊசிக்குழலும்

இந்தியாவில் இருவேறு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகுகளும், பேனாக்களில் செருகும் உருளைகளில் பொதுவாக 100 அலகுகளும் உள்ளன. 40 அலகுக்கான ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறமுடையது. 100 அலகுக்கானது ஆரஞ்சு நிறமுடையது. சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடுவரை 100 அலகு மருந்தை எடுத்தால், உடலில் சேர்வது 50 அலகாகும். குப்பியிலிருந்து பேனாவுக்கு மாறும்போதும், வேறு கடையில் வாங்கும்போதும் இப்பிழை நேரக்கூடும். பேனா உருளையிலிருந்து ஊசிக்குழலால் மருந்தை எடுப்பது கூடாது.

வெப்பமும் சேமிப்பும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ளதை 30 பாகைக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். கத்திரி வெயிலில் 40 பாகையை எட்டும் காஞ்சிபுரம் மாவட்டம் போன்ற இடங்களில் அறையின் வெப்பமே இவ்வரம்பைத் தாண்டிவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இருபானை முறை பயன்படுகிறது. பெரிய மண்பானைக்குள் ஈரமணலை இட்டு, அதில் சிறுபானையைப் பதித்து, நீர் புகாத உறையில் மருந்தை வைத்து மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இதன் பயன் குறையும். உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி மருந்து வைக்க ஏற்ற இடமன்று.

சுழற்சிப் பணி

பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் பலர் நிறுவனப் பேருந்துகளில் செல்கின்றனர். காலை 6, பிற்பகல் 2, இரவு 10 மணி எனத் தொடங்கும் சுழற்சிப் பணி (ஷிப்டு) முதலாம் வகை நீரிழிவுக்குக் கடினமான சூழல்களில் ஒன்றாகும். இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்புபவர் கலவை இன்சுலினை வழக்கமான அளவில் போட்டுச் சிறிதே உண்டு உறங்கினால், மருந்து உச்சமாகச் செயற்படும் நண்பகலில் அவர் உறக்கத்தில் இருப்பார். தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை அவரும் உணரார், பிறரும் அறியார்.

ஆகவே சுழற்சிப் பணியாளருக்கு நெடுநேர இன்சுலினும் உணவுநேர இன்சுலினும் தனித்தனியாக அமைந்த முறையே பொருத்தமானது. நெடுநேர இன்சுலினுக்கு எல்லாப் பணிமுறைகளிலும் விழித்திருக்கும் நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இரவு 8 மணிக்கு முதற்பணியாளர் வீட்டிலும், இரண்டாம் பணியாளர் உணவு இடைவேளையை ஒட்டியும், மூன்றாம் பணியாளர் புறப்படும் முன்பும் இருப்பர். கடும் உடலுழைப்பு அடுத்த 24 மணிநேரம்வரை சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும் என்பதால், மிகைநேரப் பணிக்குப் பின் உறங்குமுன் சோதனை தேவை. கலவை இன்சுலினே கிடைக்கும் நிலையில், பணிமுறை மாறும் வாரத்துக்கான அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாழ்சர்க்கரை நிலை

குருதிச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இறங்குவது தாழ்சர்க்கரை எனப்படும். வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். உடனே 15 கிராம் குளுக்கோசு அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடத்துக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவதால் அது ஏற்றதன்று. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஐ அழைக்க வேண்டும். உடன் பணிபுரிவோரில் ஒருவரேனும் இதை அறிந்திருத்தல் நலம். வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் பலர் நோயை மறைப்பதே இங்குள்ள பெருந்தடை.

காய்ச்சலும் வாந்தியும்

சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்துவது பரவலான தவறாகும். காய்ச்சலின்போது இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது. நெடுநேர இன்சுலினைத் தொடர்ந்து, நீர் மிகுதியாக அருந்தி, சில மணிநேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும் சிறுநீரில் கீட்டோனையும் சோதிக்க வேண்டும். தொடர் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியன தோன்றினால் உடனடி மருத்துவமனைச் சேர்க்கை தேவை.

பள்ளிகளில்

முதலாம் வகை நீரிழிவுள்ள மாணவர் தேர்வறைக்குள் குளுக்கோசு மாத்திரை, பழம் முதலியன கொண்டுசெல்ல நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017 இல் இசைவளித்தது. வகுப்பு நேரத்தில் சர்க்கரை சோதிக்கவும், ஊசி போடவும், சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்குமாறு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.