அந்தமானில் பாரசீகக் கல்வி மரபு: ஓர் இலக்கண நூலை முன்வைத்து

முன்னுரை

தமிழில் பாரசீகத்தின் தாக்கம் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் கடன்சொற்களைத் தொகுப்பதோடு அமைகின்றனர். சர்க்கார், பந்தோபஸ்து, தஸ்தாவேஜு, ஜமீன்தார் எனப் பட்டியல் நீளும். ஆயின், பாரசீகம் ஆட்சிச் சொற்களைத் தந்த மொழி மட்டுமன்று. இந்தியாவில் பிற துறை அறிவைக் கற்பிக்கும் பயிற்றுமொழியாகவும் நெடுங்காலம் விளங்கியது. அப்பண்பினை அந்தமான் வரலாற்றின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டனைத் தீவும் அறிஞர்களும்

1837ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிக் கம்பெனி ஆட்சி நீதிமன்றங்களிலிருந்து பாரசீகத்தை விலக்கத் தொடங்கியது. 1857ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, 1858 மார்ச்சுத் திங்களில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியேற்றம் தொடங்கப்பெற்றது. நாடு கடத்தப்பட்டோருள் பேரறிஞர்களும் இருந்தனர். தத்துவ அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி புரட்சி பற்றிய தம் நூலை அரபியில் எழுதினார். 1861இல் இத்தீவிலேயே மறைந்தார்.

கம்பெனியின் நீதித்துறையில் பணியாற்றிய முஃப்தி இனாயத் அகமது காகோரவி தம் சிறைவாழ்வில் 'இல்முஸ் ஸீகா' என்னும் நூலை இயற்றினார். விடுதலை பெற்றபின், 1863இல் ஹஜ் பயணத்தின்போது கப்பல் விபத்தில் உயிர்நீத்தார். அவர்தம் நூல் அரபுச் சொற்களின் வடிவமாற்றங்களைக் கூறும் இலக்கணமாகும். அது எழுதப்பெற்ற மொழியோ பாரசீகம். விளக்கப்படும் மொழி ஒன்று, விளக்கும் மொழி பிறிதொன்று என்னும் இவ்வமைப்பு தமிழறிஞர்க்குப் புதிதன்று. வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நீதிமன்றத்தில் இடமிழந்து இருபதாண்டுகள் கடந்த பின்னரும் பாரசீகம் கல்வி மொழியாக வாழ்ந்தது என்பதற்கு இந்நூல் சான்றாகும். அரசாணை ஆட்சிமொழியை மாற்றலாம். ஆசிரியர், மாணவர் வழிவரும் மரபை அத்துணை விரைவில் மாற்ற இயலாது. தெற்காசிய மதரசாக்களில் இந்நூல் தொடர்ந்து பாடநூலாகப் பயிலப்பட்டு வருகிறது.

வழக்குமொழியில் எச்சங்கள்

கைதிகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டோரே பிற கைதிகளைக் கண்காணித்தனர். அவர்தம் பதவிப்பெயர்களுள் 'ஜமேதார்', 'திண்டல்' என்பன குறிப்பிடத்தக்கவை. முன்னது பாரசீக '-தார்' ஈறு பெற்றது. தாசில்தார், சுபேதார் என்பனவற்றிலும் அவ்வீற்றைக் காணலாம். பின்னது தென்னிந்தியக் கடற்றொழில் வழக்கிலுள்ள 'தண்டல்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. வடக்கின் ஆட்சிச்சொல்லும் தெற்கின் கடற்சொல்லும் ஒரே பதவி வரிசையில் அமைந்தமை சிந்திக்கத்தக்கது. இன்றும் மேற்குக் கரையிலுள்ள வண்டூர் உட்படத் தெற்கு அந்தமானில் பலமொழியாளர்க்கும் பொதுமொழியாக விளங்குவது பாரசீகச் சொற்கள் செறிந்த இந்துஸ்தானியே. எனவே தீவுத் தமிழரின் பேச்சில் காணப்பெறும் பாரசீகச் சொற்களுள் ஆர்க்காட்டு நவாபு ஆட்சிவழித் தமிழில் முன்பே கலந்தவை எவை, தீவில் இந்துஸ்தானி வழி வந்தவை எவை எனப் பிரித்தறிதல் வேண்டும். வடிவம் ஒன்றாயினும் வந்த வழி வேறு.

தமிழக வரலாற்றுக்குப் பாரசீகச் சான்றுகள்

இத்தகைய ஆய்வுக்குத் தமிழகத்தில் முன்னோடி முயற்சி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முகம்மது ஹுசைன் நயினார் கருநாடக நவாபுகள் பற்றிய பாரசீக நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1934 முதல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்றான 'பஹாரே ஆசம் ஜாஹி', நவாபு 1823இல் சென்னையிலிருந்து நாகூர் சென்ற பயணத்தை விரித்துரைப்பது. தமிழக ஊர்களின் வரலாறு பாரசீக ஏடுகளிலும் பதிவாகியுள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

முடிவுரை

காகோரவியின் நூல் பாரசீகத்தைக் கல்வி மொழியாகவும், நயினார் பெயர்த்த நூல்கள் அதனை வரலாற்று மொழியாகவும் காட்டுகின்றன. கடன்சொற் பட்டியல் இவ்விரண்டையும் காட்டாது. மூலநூலைப் படிக்க இயலாத ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரின் தெரிவுக்கும் சொல்லுக்கும் கட்டுப்பட்டே முடிவு கூற நேரும். ஆதலின், கல்வெட்டும் வடமொழியும் கற்பிப்பதுபோல் பாரசீக அடிப்படைப் பயிற்சியையும் தமிழ்த்துறைகள் அளிப்பின், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழக ஆய்வு உறுதி பெறும்.