ஒலிபரப்பைக் கலையாகக் கண்டவர்

கொழும்பிலே 1925-ஆம் ஆண்டின் இறுதியில் எட்வர்ட் ஹார்ப்பர் தொடங்கிவைத்த வானொலி, பிற்காலத்தில் டொரிங்டன் சதுக்கத்தில் நிலைபெற்று, சங்கீதத்தையும் பிரசங்கத்தையும் இல்லந்தோறும் கொண்டுசேர்த்த சரித்திரத்தில், கரம்பனில் 1912-இல் பிறந்த சோ. சிவபாதசுந்தரத்தின் ஸ்தானம் தனித்துவமானது. ‘ஈழகேசரி’ப் பத்திரிகையின் ஆசிரியராக எழுத்திலே பயின்று, இலங்கை வானொலியிற் பணியாற்றிய அவரே, இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்று நாமகரணம் செய்தவர்.

எனினும், 1954-இல் வெளிவந்த ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலே அவருடைய பிரதான சாதனை என்பது என் துணிபு. மேடையிலே வித்துவானின் முகபாவமும் சபையின் ஆரவாரமும் கானத்துக்குத் துணைநிற்க, ஒலிவாங்கியின் முன்போ குரலொன்றே சகலமுமாகிறது. அக்குரலை ஆளும் சாஸ்திரத்தை, ஆங்கிலமே உத்தியோக பாஷையாக விளங்கிய காலத்தில், அவர் தமிழிலேயே நிலைநாட்டினார். பின்னர்ச் சென்னையில் வசித்து, எழுத்தாளர் சிட்டியுடன் கூடித் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார்.